விலங்கு பூட்டிய பின் யார் பொறுப்பு?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நீதிமன்ற வளாகத்தில் நான் சந்திக்கும் காவல்துறை நண்பர்கள் அதன் 43-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவை ஒருவித நிம்மதியோடு குறிப்பிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அஞ்சி நெடுங்காலமாக அலமாரியில் கிடந்த கைவிலங்கை இனி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சட்டமே சொல்லிவிட்டதாக அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வழக்கறிஞர்களான நாங்களோ அந்த உட்பிரிவு அரசியல் சாசனத்தோடு ஒத்துப்போகிறதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். விலங்கு போடலாமா, கூடாதா என்பதோடு இரு தரப்பின் பேச்சும் முடிந்துவிடுகிறது. போட்ட பிறகு அந்த இரும்பு மணிக்கட்டை என்ன செய்கிறது, பூட்டப்பட்டவர் இடறி விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ வண்டி கவிழ்ந்தாலோ அவரை யார் காப்பது என்பதை எவரும் எடுப்பதில்லை. எனக்குச் சொல்லத் தோன்றுவது அதைப் பற்றித்தான் என்றாலும், சட்டத்தைத் தொடாமல் அங்கே போக முடியாது.

திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த பிரேம் சங்கர் சுக்லா, தம்மைக் கட்டாயமாக விலங்கிட்டு நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியே மனுவாக ஏற்கப்பட்டு, 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த பஞ்சாப் காவல் விதிகள், வசதியும் படிப்பும் உள்ள 'மேல் வகுப்பு' விசாரணைக் கைதிக்கு ஒரு நியாயம், ஏழைக் கைதிக்கு வேறொரு நியாயம் என்று பிரித்து வைத்திருந்தன. அந்த வேறுபாட்டை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அதைவிட முக்கியமாக, ஒருவர் மீது சாட்டப்பட்டுள்ள குற்றம் எவ்வளவு கொடியது என்பது விலங்குக்கு அளவுகோல் ஆகாது, அவர் காவலை உடைத்துக்கொண்டு தப்பி ஓடும் தெளிவான, உடனடியான ஆபத்து இருக்கிறதா என்பதே அளவுகோல் என்று வரையறுத்தது. அப்படி ஆபத்து இருப்பதாக வழிக்காவல் அதிகாரி கருதினால், காரணத்தை அப்போதே எழுத்தில் பதிந்து நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். நீதிபதியும் தம் முன் நிறுத்தப்படும் கைதியிடம் விலங்கு பூட்டப்பட்டதா என்று வழக்கமாகவே கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளை எத்தனை நீதிமன்றங்களில் பின்பற்றப்படுகிறது என்பதை என்னைப் போன்றவர்கள் வெளியே சொல்லாமல் இருப்பதே நாகரிகம் என்று கருதப்படுகிறது.

1989 செப்டம்பரில் குஜராத்தின் நடியாத் நகரில் தலைமை நீதித்துறை நடுவரையே காவலர்கள் விலங்கிட்டு, கயிற்றால் கட்டி, புகைப்படமும் எடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர்களை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நடுவருக்கே இதுதான் நிலை என்றால் மற்றவர்களின் நிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1995-இல், குவாஹாட்டி மருத்துவமனையில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட கைதிகள் ஏழு பேர் கட்டிலோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதமாக எழுத, அதன்பேரில் வந்த தீர்ப்பு, சிறைக்குள்ளும் வழிப்பயணத்திலும் நடுவரின் அனுமதியின்றி விலங்கு பூட்டக் கூடாது, மீறினால் அது அவமதிப்பு என்று இன்னும் இறுக்கியது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது? குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் கருத்தில் கொண்டு, கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் காவல் அதிகாரி விலங்கைப் 'பயன்படுத்தலாம்'. பழக்கக் குற்றவாளி, ஏற்கெனவே காவலிலிருந்து தப்பியவர், பயங்கரவாதம், கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, ஆள் கடத்தல், போதைப்பொருள், கள்ளப் பணம் போன்ற குற்றங்களில் சிக்கியவர் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. முதலில் வந்த மசோதாவில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன; நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைக்குப் பின் அவை நீக்கப்பட்டன. பட்டியலில் தப்பி ஓடியவர் இடம்பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மற்றவற்றில் பெரும்பாலானவை, 1980 தீர்ப்பு வேண்டாம் என்று சொன்ன அதே அளவுகோலைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகின்றன என்பது என் கருத்து. மேலும், தப்புவதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்ற பழைய விதி இதே சட்டத்தின் 46-ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது. ஆகவே 43(3)-ஐ மட்டும் தனியே படித்துவிட்டு விலங்கை எடுப்பவர் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறார். சிறுவர்கள் விஷயத்தில் பாதியும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகள், சிறுவருக்கு விலங்கோ சங்கிலியோ போடவே கூடாது என்கின்றன.

காவலர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு ஆயுதப்படைக் காவலர்கள் ஒரு விசாரணைக் கைதியை அரசுப் பேருந்தில் ஏற்றி, வேறு மாவட்டத்து நீதிமன்ற வாய்தாவுக்குக் கூட்டிப்போய்த் திரும்பச் சிறையில் ஒப்படைக்க வேண்டும். வழியில் கைதி ஓடிவிட்டால் அன்று மாலையே பணியிடை நீக்கம். கவனக்குறைவால் தப்பவிட்டதாகக் குற்ற வழக்கும் வரலாம், அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. விலங்கு பூட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட காவலர் அரிது. பூட்டாததால் வேலையை இழந்தவரை ஒவ்வொரு காவலருக்கும் தெரியும். நீதிமன்ற வராந்தாக்களில் காவலரும் கைதியும் விரல்களைக் கோத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். தீர்ப்புக்கும் பயத்துக்கும் இடையே நம் காவலர்கள் கண்டுபிடித்த சமரசம் அது. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் கையைப் பிடித்திருப்பவருக்குக் கைதி தடுமாறுவதும் வியர்ப்பதும் நடுங்குவதும் உடனே தெரிந்துவிடுகிறது.

இனி கருவியைப் பற்றி. இன்று உலகெங்கும் புழங்கும் கைவிலங்கின் வடிவம் 1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒன்றின் வழிவந்தது. பல் வெட்டப்பட்ட ஒற்றைக் கை, இரட்டைச் சட்டத்தின் நடுவே சுழன்று போய்ப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிறிய நாக்கு அந்தப் பற்களைக் கவ்வுவதால், விலங்கு இறுகும் திசையில் மட்டுமே நகரும், தளராது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பூட்டும்போது சரியாக இருந்த விலங்கு, அவர் வண்டி இருக்கையில் சாய்ந்தாலோ கையின் மீது உட்கார்ந்தாலோ திமிறினாலோ ஒரு பல், இன்னொரு பல் என்று தானே இறுகிக்கொண்டு போகும். இதைத் தடுக்கவே இரண்டாவது பூட்டு இருக்கிறது. சாவியின் மறுமுனையில் உள்ள சிறு ஊசியால் பக்கவாட்டுத் துளையை அழுத்தினாலோ தள்ளினாலோ அந்த நாக்கு அசையாமல் நின்றுவிடும். பிறகு விலங்கு இறுகவும் இறுகாது, தளரவும் தளராது. இதைச் செய்யச் சில நொடிகள் போதும். இந்த இரட்டைப் பூட்டு கைதியின் வசதிக்கானது என்று எண்ணி அதை அலட்சியப்படுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் மெல்லிய தகட்டைச் செருகி நாக்கை விலக்கித் தப்பிக்கும் தந்திரத்தையும் அதுவே தடுக்கிறது. எனவே தப்பிவிடுவாரோ என்று அஞ்சும் காவலருக்கும் அது காவல்தான்.

இறுகிய விலங்கு என்ன செய்யும் என்பதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைக் கடந்து போகும் ஆரை நரம்பின் மேற்கிளை, எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதைப்பாதுகாப்பு ஏதுமின்றி ஓடுகிறது. இரும்பு அதை எலும்போடு சேர்த்து அழுத்தும்போது கட்டைவிரலின் பின்புறமும் புறங்கையும் மரத்துப்போகின்றன. பலருக்கு இது சில நாளில் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வெளியே காயம் எதுவும் தெரியாததால், கை மரத்துவிட்டது என்று சொல்லும் கைதி நடிக்கிறார் என்ற முடிவுக்கு வருவது எளிது. விலங்கை ஓங்கி அடித்துப் பூட்டுவதால் மணிக்கட்டு எலும்பு முறிவதும் உண்டு. திரைப்படங்களில் அப்படித்தான் பூட்டுகிறார்கள் என்பது கற்றுக்கொள்ளத் தக்க முறைக்கு அடையாளமன்று. விலங்கின் பல் வெட்டிய அந்தக் கையை மணிக்கட்டின் மீது வைத்து அழுத்தித் தள்ளினாலே அது சுழன்று பூட்டிக்கொள்ளும்.

பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு எளியது. எதிர்ப்பு இருந்தால் முதலில் ஆளை நிலைப்படுத்த வேண்டும், பிறகே இரும்பை எடுக்க வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால், உள்ளங்கைகள் வெளிப்புறம் நோக்கியபடி, சாவித் துளை எளிதில் எட்டும் பக்கமாக இருக்க வேண்டும். விலங்குக்கும் தோலுக்கும் இடையே விரல் நுனி நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகு இரட்டைப் பூட்டைப் போட வேண்டும். கடிகாரம், வளையல், சட்டைக் கை ஆகியவை இடையில் சிக்கியிருக்கக் கூடாது. வலிக்கிறது என்று சொன்னால் மீண்டும் விரலை விட்டுப் பார்ப்பதற்கு வாக்குவாதத்தைவிடக் குறைந்த நேரமே ஆகும். கை வீங்கியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். தோள்மூட்டு விலகியவர், கை முறிந்தவர், மிகவும் பருத்த உடம்புக்காரர், முதியவர் ஆகியோரின் கைகளைப் பின்னால் வளைப்பதே காயமாகிவிடும். அவர்களுக்குத் தேவைப்பட்டால் முன்பக்கம் பூட்டலாம், பெரும்பாலும் பூட்டாமலே கொண்டுபோகலாம். கர்ப்பிணிகள் விஷயத்தில் கேள்வியே இருக்கக் கூடாது. கைகள் பின்னால் கட்டப்பட்ட கர்ப்பிணி இடறினால் வயிற்றின் மீதுதான் விழுவார். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகளின் 48-ஆவது விதி, பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அதற்கு அடுத்த நேரத்திலும் பெண்களுக்கு எந்தக் கட்டும் கூடாது என்கிறது. அமெரிக்கா தன் கூட்டாட்சிச் சிறைகளில் கர்ப்பிணிகளை விலங்கிடுவதைச் சட்டப்படித் தடுத்தது 2018 டிசம்பரில்தான் என்பது நினைவிருக்கட்டும்.

இரும்பு விலங்குக்குப் பதிலாகக் கையைக் கட்டும் பிளாஸ்டிக் நாடாக்களைப் பற்றிச் சில வரிகள். கூட்டமாகப் பலரைக் கைது செய்யும்போது அவை பயன்படும். ஆனால் அவற்றில் இரட்டைப் பூட்டு இல்லை, ஒருமுறை இறுகினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் கருவி கையில் இல்லாத காவலர் நாடாவைக் கட்டுவது, சாவியை வீட்டில் வைத்துவிட்டு விலங்கு பூட்டுவதற்குச் சமம்.

மணிக்கட்டைவிடப் பெரிய ஆபத்து மூச்சில் இருக்கிறது. கைகள் பின்னால் பூட்டப்பட்டு, குப்புறக் கிடத்தப்பட்டவரின் மார்பும் வயிறும் தரையில் அழுந்துகின்றன. முதுகின் மீது ஒருவர் முழங்காலை ஊன்றினால் நெஞ்சுக்கூடு விரிய இடமே இல்லை. போராடி ஓய்ந்தவருக்கு அந்த நேரத்தில்தான் காற்று அதிகம் தேவை. மூச்சுக்காக அவர் திமிறுவதை எதிர்ப்பு என்று நினைத்து மேலும் அழுத்துகிறார்கள், அவர் மேலும் திமிறுகிறார். இது புதிய கண்டுபிடிப்பன்று. விலங்கு பூட்டியவுடன் ஆளை வயிற்றிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித் துறையின் கீழ் வெளியான அறிவுறுத்தல் 1995-லேயே எச்சரித்தது. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020 மே 25 அன்று மினியாபொலிஸில், ஏற்கெனவே விலங்கு பூட்டப்பட்டிருந்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் குப்புறக் கிடக்க, அவர் கழுத்தின் மீது ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. பக்கவாட்டில் திருப்பலாமா என்று உடனிருந்த இளம் காவலர் ஒருவர் கேட்டது பதிவாகியிருக்கிறது, யாரும் திருப்பவில்லை, ஃப்ளாய்ட் இறந்துபோனார். முழங்காலை ஊன்றிய காவலர் மீது நடந்த கொலை வழக்கு விசாரணையில் சாட்சியம் அளித்த நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின், பேச முடிகிறவருக்கு மூச்சு விட முடிகிறது என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று விளக்கினார். சில சொற்களை உச்சரிக்கத் தேவையான காற்று மிகக் குறைவு. உயிர் வாழத் தேவையான காற்று வேறு. நம் ஊரிலும் போதையில் இருப்பவரையோ மனநிலை குலைந்தவரையோ நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கும் காட்சியைப் பார்த்த எவரும், 'கத்துறான்ல, ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பார்கள்.

வண்டியில் ஏற்றிய பிறகு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது அடுத்த தவறு. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோரில் கைதான ஃப்ரெடி கிரே, கையிலும் காலிலும் விலங்கோடு, இருக்கைப் பட்டி மாட்டப்படாமல் காவல் வேனில் கொண்டுசெல்லப்பட்டார். கழுத்துத் தண்டுவடத்தில் ஏற்பட்ட காயத்தால் ஒரு வாரத்தில் இறந்துபோனார். வண்டி குலுங்கும்போது நாம் அனிச்சையாகக் கையை ஊன்றுகிறோம். விலங்கிடப்பட்டவருக்கு அந்தக் கை இல்லை. அதற்கு ஈடாகப் பட்டியை மாட்டிவிடுவது காவலரின் கடமை. இதே காரணத்தால் வேனின் கம்பியோடு சேர்த்துப் பூட்டுவதும், ஒரு வளையத்தைக் கைதிக்கும் மற்றொன்றைக் காவலர் தமக்கும் மாட்டிக்கொள்வதும் தவறானவை. விபத்திலும் தீயிலும் இருவரும் ஒன்றாகச் சிக்குவார்கள்.

அசையாத பொருளோடு மனிதரைப் பூட்டுவதன் விளைவைத் தமிழ்நாடு வேறோர் இடத்தில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் காவலர்கள் அல்லர், பிணைக்கப்பட்டவர்கள் கைதிகளும் அல்லர். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்துவிட்டது. ஆனால் அரசு மருத்துவமனைகளின் கைதிகள் பகுதியில் கட்டில் காலோடு விலங்கிடும் பழக்கத்தை நியாயப்படுத்துகிறவர்களிடம், தீப்பிடித்தால் சாவி யாரிடம் இருக்கும், அவர் அப்போது தேநீர்க் கடையில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட 104 இந்தியர்கள் அந்நாட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் வந்து இறங்கியபோது, அவர்களில் பலர் வழிநெடுகக் கைகால்களில் விலங்கோடு வந்தார்கள் என்று தெரிந்து நாடே கொதித்தது. அந்த நடைமுறை 2012 முதல் இருப்பதுதான் என்று வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கினார். ஆளைப் பார்க்காமல் வகையைப் பார்த்து எல்லோரையும் பூட்டுவது இழிவு என்று அன்று சொன்னவர்களோடு நானும் உடன்படுகிறேன். அதே அளவுகோலை நம் 43(3)-க்கும் பொருத்திப் பார்க்கும்படி கேட்டால் மட்டும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது.

ஏன் இவ்வளவையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், பூட்டிய நொடியில் அந்த மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறார். அந்த ஆற்றல் முழுவதும் பூட்டியவரிடம் போய்ச் சேருகிறது. தண்ணீர் குடிப்பதும், விழாமல் நிற்பதும், மூச்சு விடும்படி புரண்டு படுப்பதும் இன்னொருவரின் வேலையாகிவிடுகிறது. 'ஏன் பூட்டினீர்கள்' என்று மட்டும் கேட்கும் நீதிமன்றம், 'பூட்டிய பின் என்ன செய்தீர்கள்' என்பதையும் கேட்டால்தான் அது முழுமையான விசாரணை. 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு, காசோலை வழக்கொன்றில் சட்ட மாணவர் ஒருவரை விலங்கிட்டு ஊர் பார்க்க நடத்திச் சென்றதற்காக 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு, கைது செய்யும் அதிகாரிகளுக்கு உடலில் அணியும் கேமரா வேண்டும் என்றும் கூறியது. கேமரா வரும்வரை, நிலையத்துப் பொது நாட்குறிப்பும் வழிக்காவல் குறிப்பேடும் இருக்கவே இருக்கின்றன. எந்த நேரத்தில் பூட்டப்பட்டது, காரணம் என்ன, இரட்டைப் பூட்டு போடப்பட்டதா, எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது, கைதி வலி என்று சொன்னாரா, எப்போது அவிழ்க்கப்பட்டது என்று எழுத நான்கு வரிகள் போதும். பின்னால் புகார் வந்தால் அந்த வரிகள் நேர்மையான காவலரைக் காப்பாற்றும்.

இளம் வழக்கறிஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படும் கட்சிக்காரரிடம் வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி மணிக்கட்டைப் பாருங்கள். கட்டைவிரலின் பின்புறத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். தழும்போ மரப்போ இருந்தால், கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற, இதே சன்ஹிதாவின் 53-ஆவது பிரிவைச் சுட்டி, அது மருத்துவக் குறிப்பில் பதிவாகும்படி நடுவரிடம் அப்போதே மனுச் செய்யுங்கள். அடுத்த வாய்தா வரை காத்திருந்தால் தழும்பு மறைந்துவிடும்.